லீக்ஸை நார் இல்லாமல் வடிப்பது எப்படி

நவம்பர் 4

அன்புள்ள கரண்டிக்கு,

உன் அண்ணி எழுதுவது. நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. ஆஸ்பத்திரி சமையல்கட்டில் அத்தனை பேருக்குப் பொங்கிப் போடுகிறவள் உன் வயிற்றை மட்டும் காயப்போட மாட்டாய் என்று நம்புகிறேன். நாங்களும் இருக்கிறோம்.

போன் இருக்கும்போது இவள் எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். வயலில் போன் எடுப்பதில்லை. அதோடு, நீ போனில் சொல்லுகிற பக்குவம் எனக்கு இந்தக் காதில் ஏறி அந்தக் காதில் இறங்கிவிடுகிறது. எழுதி அனுப்பினால் அடுப்புக்கு மேலே ஒட்டிக்கொள்வேன்.

விஷயம் என்னவென்றால், உன் அண்ணன் இந்த வருஷம் மேட்டு வயல், பள்ள வயல், கிணற்றடி என்று ஒரு சாண் இடம் பாக்கி வைக்காமல் லீக்ஸ் நட்டுவிட்டார். வழக்கமாகப் பாதி உருளைக்கிழங்கு இருக்கும், மீதியில் கோஸ், ஓரத்தில்தான் லீக்ஸ். இப்போது கதவைத் திறந்தால் லீக்ஸ், ஜன்னலைத் திறந்தாலும் லீக்ஸ். வெங்காயத்தைப் பிடித்து இழுத்து நீட்டிவிட்ட மாதிரி வரிசை வரிசையாக நிற்கிறது. நடும்போதே கேட்டேன், "என்னங்க, மூளை கீளை பிசகிப்போச்சா?" என்று. "நட்டாச்சுல்ல, விடு" என்றார். அவ்வளவுதான் பதில்.

வருஷா வருஷம் வருகிற சூப்புப்பொடிக் கம்பெனி லாரி இந்த வருஷம் வரவில்லை. அவர்கள் வேறு எதற்கோ மாறிவிட்டார்களாம். சந்தைக்கு ஒரு சுமை கொண்டுபோனேன். "அக்கா, சும்மா குடுத்தாலும் வைக்க இடமில்ல, கோவிச்சுக்காதீங்க" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அதனால் தின்றே தீர்ப்பது என்று முடிவுசெய்திருக்கிறேன். உனக்குத் தெரிந்த வகையெல்லாம் எழுது. கொஞ்சம் மெத்தென்று இருக்கிற மாதிரி இருந்தால் நல்லது.

உன் அண்ணனுக்குப் பனியில் தொண்டை கட்டியிருக்கிறது. அதனால்தான் போனில் பேசவில்லை, கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

உன் அண்ணி

நவம்பர் 13

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வந்தது. வேலைக்கு நடுவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கதவைத் திறந்தால் லீக்ஸ், ஜன்னலைத் திறந்தாலும் லீக்ஸ் என்ற இடத்தில் பாத்திரம் கழுவுகிற அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். "நாங்களும் இருக்கிறோம்" என்றால் என்ன அர்த்தம்?

முதலில் கழுவுவது. அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். லீக்ஸ் மண்ணை மடிப்புக்குள் ஒளித்துவைக்கும். வேரைச் சீவி, நீளவாக்கில் பிளந்து, ஏடு ஏடாக விரித்துத் தண்ணீரில் அலசுங்கள். வெள்ளைப் பகுதியை மெல்லிசாக அரிந்து வெண்ணெயில் போட்டு, உப்புத் தூவி, மூடி போட்டுச் சிறு தீயில் விடுங்கள். சிவக்க விடக்கூடாது, சிவந்தால் கசக்கும். அது கண்ணாடி மாதிரி ஆனதும் உருளைக்கிழங்கும் தண்ணீரும் சேர்த்து வேகவைத்தால் சூப். முட்டை உடைத்து ஊற்றினால் காலைப் பலகாரம். பச்சைத் தழையைக் குப்பையில் போடாதீர்கள், கொதிக்கவைத்து வடித்தால் எந்தக் குழம்புக்கும் அடித்தண்ணீர் ஆகும். மெல்லிய இழையாக நறுக்கி மாவில் புரட்டிப் பொரித்தால் மொறுமொறுவென்று இருக்கும், அண்ணன் ஒரு கூடையைத் தனியாகக் காலி பண்ணுவான். மீதியை அரிந்து உப்புப் போட்டு ஜாடியில் அமுக்கிவையுங்கள், அடுத்த குளிர்வரை கெடாது.

இங்கே எனக்கு ஒன்றும் குறைவில்லை. என் வீட்டுக்காரர் போன இந்த மூன்று வருஷமாக வீட்டில் அடுப்பே பற்றவைப்பதில்லை. ஒருத்திக்கு என்ன சமைக்கிறது. வேலை இடத்திலேயே தின்றுவிட்டுப் போய்ப் படுத்துவிடுகிறேன்.

அண்ணனுக்குத் தொண்டைதானே கட்டியிருக்கிறது, கை கட்டவில்லையே. இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் கரண்டி

நவம்பர் 29

அன்புள்ள கரண்டிக்கு,

உன் உடம்பைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன், பிறகு அதற்கும் குற்றம் சொல்வாய். என் உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கிறேன்.

நீ எழுதியதை எல்லாம் செய்துபார்த்தேன். உப்பு ஜாடி நிரம்பி, ஊறுகாய் ஜாடி நிரம்பி, கடைசியில் உன் அண்ணன் ஆணி போட்டுவைத்திருந்த டப்பாவையும் கழுவி நிரப்பிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு கட்டுக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். மறுபடி கொடுத்தேன், சிரித்தாள். மூன்றாம் தடவை நான் வருவதை ஜன்னலில் பார்த்து விளக்கை அணைத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் வயலிலும் அதேதான் நிற்கிறது.

பொரித்தது நன்றாகத்தான் வந்தது. அவர்தான் தொடவில்லை. பல் ஆடுகிறதாம். சூப்பில் கிடந்த உருளைக்கிழங்குத் துண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் தண்ணியை மட்டும் குடித்தார். அதனால் நன்றாகக் குழைவாக, கடிக்கவே வேண்டாத மாதிரி என்ன செய்யலாம் என்று எழுது. மசித்தாலும் அந்த லீக்ஸ் இழை இழையாக நிற்கிறது, தொண்டையில் மாட்டுகிறது என்கிறார்.

லீக்ஸ் அவ்வளவு இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

அவர் கையெழுத்து உனக்கு வேண்டுமாம் என்று சொன்னேன். சிரித்தார். எழுதுவார், எழுதுவார்.

உன் அண்ணி

டிசம்பர் 7

அன்புள்ள அண்ணிக்கு,

கல்லு மாதிரி இருக்கிறீர்கள் என்று தெரிந்து சந்தோஷம். கல்லுக்கும் குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

போன கடிதத்தில் தொண்டை, இந்தக் கடிதத்தில் பல். அடுத்ததில் என்ன, முட்டியா? அண்ணனுக்கு வயசாகிறது என்று ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சின்ன வயசில் என்னை அடுப்படியிலேயே கிடக்கிறாய் என்று கேலி பண்ணிக் கரண்டி என்று பேர் வைத்தவன், இப்போது அந்தக் கரண்டியால்தான் ஊட்டவேண்டியிருக்கிறது.

குழைவுக்கு வழி இருக்கிறது. பச்சைப் பக்கமே வேண்டாம். வெள்ளையிலும் வெளி ஏடு இரண்டை உரித்து எறிந்துவிட்டு உள்குருத்தை மட்டும் எடுங்கள். குறுக்காக, தாள் மாதிரி அரியுங்கள். நீளவாக்கில் அரிந்தால் நார் நீளமாகத்தான் நிற்கும், அதைத்தான் அவன் இழை என்கிறான். பாலும் தண்ணீரும் சரிபாதி ஊற்றி, மூடி, கரையும்வரை விடுங்கள். உருளைக்கிழங்கோடு சேர்த்து மசித்துச் சல்லடையில் தேயுங்கள். வெண்ணெய் தாராளமாகப் போடுங்கள், தொண்டைக்கு வழுக்கும். இங்கே பல் இல்லாத கிழவர்களுக்கு இதைத்தான் அனுப்புகிறோம். தட்டு வழித்த மாதிரி திரும்பி வரும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில்தானே இருப்பீர்கள் அன்றைக்கு?

உங்கள் கரண்டி

ஜனவரி 6

அன்புள்ள கரண்டிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். பதில் எழுத நாளாகிவிட்டது, வேலை.

சல்லடையில் தேய்த்தும் போதவில்லை. மிக்ஸியில் இரண்டு தடவை அடித்தேன், அப்படியும் நார் நிற்கிறது. துணியில் பிழிந்து வடித்தால் சத்தெல்லாம் சக்கையோடு போய்விடுமா? கெட்டியாக இருந்தால் நடுவில் நின்றுவிடுகிறது. தண்ணியாக இருந்தால் இருமல் வருகிறது, மூக்கு வழியாக வெளியே வருகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்குமே. அது எப்படி வரும் என்று சீக்கிரம் எழுது.

லீக்ஸ் நிறைய இருப்பதால் கேட்கிறேன்.

உன் அண்ணி

ஜனவரி 13

அண்ணிக்கு,

பதம் முதலில் சொல்லிவிடுகிறேன். துணியில் பிழியுங்கள். சத்துப் போனால் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிழிந்த சாற்றை அடுப்பில் வைத்து, சோள மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டுங்கள். கரண்டியைத் தூக்கிச் சாய்த்தால் சொட்டாமல் நூலாக இறங்க வேண்டும். அதுதான் நீங்கள் கேட்ட நடுப்பதம். வெதுவெதுப்பாகக் கொடுங்கள், சூடாக வேண்டாம். சாய்ந்து படுத்துக்கொண்டு குடிக்கக்கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, அரைக் கரண்டி அரைக் கரண்டியாக.

இனி நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் சமையல்கட்டுச் சுவரில் மூன்று ஆணி உண்டு. நோயாளியின் பெயர் எங்களுக்குத் தெரியாது, படுக்கை எண்ணும் சீட்டின் நிறமும்தான் தெரியும். வெள்ளைச் சீட்டு என்றால் எல்லாம் சாப்பிடலாம். மஞ்சள் என்றால் குழைவு. நீலம் என்றால் வடித்தது. நேற்று வெள்ளை ஆணியில் இருந்த படுக்கை இன்று மஞ்சளில் தொங்கும். சில சமயம் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கும் வரும், அன்றைக்கு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். நீலத்துக்குப் போனது திரும்பியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

உங்கள் கடிதங்கள் மூன்றையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். மெத்தென்று வேண்டும், பிறகு குழைவாக வேண்டும், இப்போது வடித்தது வேண்டும். இதே வரிசையில் நான் என் வீட்டுக்காரருக்குச் சமைத்தேன். உணவுக்குழாயில் புற்று வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவரும் முதலில் பல் என்றுதான் சொன்னார்.

அண்ணி, இது யாருக்கு?

கரண்டி

பிப்ரவரி 10

அன்புள்ள கரண்டிக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் அண்ணனுக்குத்தான். அதே இடத்தில்தான். அறுக்கிற நிலைமை தாண்டிவிட்டது என்றார்கள். கரண்ட் வைத்தார்கள், அதில் குரல் போய்விட்டது. அக்டோபரிலிருந்து அவர் பேசுவதில்லை. போன் அடிக்கிறபோதெல்லாம் நீதான் என்று தெரியும். நான் எடுத்தால் "அண்ணன்கிட்ட குடுங்க" என்பாய். அதனால் அது நிற்கிறவரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். குரல் இருந்தபோது அவர் கடைசியாகச் சண்டை போட்டதே அதற்குத்தான். "அவ இதை ஒருதடவை பார்த்துட்டா. மறுபடியும் பார்க்கணுமா? அவகிட்ட மூச்சு விடாதே" என்றார். மூச்சு விடவில்லை. ஆனால் எனக்கு வேறு வழியும் இல்லை. டாக்டர் "நீராகாரமாக் குடுங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். அதை எப்படிக் கொடுப்பது என்று உன்னைத் தவிர எனக்குத் தெரிந்த யாருக்குத் தெரியும்? வயலில் அந்தப் பாழாய்ப்போன லீக்ஸ் நின்றது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். உன் கைப்பக்குவத்தைத் திருடி உன் அண்ணனுக்கு ஊட்டினேன் என்று வைத்துக்கொள்.

நூலாக இறங்குகிற பதம் வந்தது. அன்றைக்கு ஒரு கிண்ணம் முழுதும் போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் அரைக் கிண்ணம் ஆயிற்று. இந்த வாரம் நாலு கரண்டி.

எலும்பு தெரிகிறது, கரண்டி. சட்டையை மாட்டினால் ஆணியில் மாட்டின மாதிரி தொங்குகிறது. என்னால் முடியவில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லை. எனக்கு என்ன, அடுப்படியில் நின்றபடி என்னத்தையோ வாயில் போட்டுக்கொள்கிறேன்.

உன்னை வரச்சொல்லிக் கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

உன் அண்ணி

பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் தைரியமாக இருக்க வேண்டும். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு கரண்டிதான் இறங்குகிறது என்றால் அந்த நாலு கரண்டிக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். பச்சைத் தழையை எலும்போடு போட்டு அரைநாள் கொதிக்கவிடுங்கள். வடித்து, ஆறவைத்து, மறுபடி பாதியாகச் சுண்டவையுங்கள். மெல்லிய துணியை இரண்டாக மடித்து வடியுங்கள், பிழியாதீர்கள், தானாக இறங்கட்டும், பிழிந்தால் தூள் வரும். வெள்ளைக் குருத்தைத் தனியாக வெண்ணெயில் வேகவைத்து அந்தச் சாற்றில் அரைத்துத் திரும்ப வடியுங்கள். முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் அடித்து, ஒரு கரண்டி சூடான சாறு விட்டுப் பழக்கி, பிறகு கலக்குங்கள். நேராக ஊற்றினால் திரியும். உப்புக் குறைவாகப் போடுங்கள், வாய்ப்புண் இருந்தால் எரியும். நாக்கு கசக்கிறது என்றால் சர்க்கரை ஒரு சிட்டிகை. இதையே ஆறவைத்துச் சின்னக் கிண்ணங்களில் உறையவிட்டு, துருவலாகச் சுரண்டி நாக்கில் வையுங்கள், தானாகக் கரைந்து இறங்கும். இது எங்கள் டயட் அம்மாவுக்கே தெரியாது, நானாகக் கண்டுபிடித்தது. பின்பக்கம் இன்னும் ஐந்து வகை எழுதியிருக்கிறேன்.

லீவு கேட்டிருக்கிறேன். இங்கே ஆள் குறைவு. எனக்கும் நெஞ்சில் கொஞ்சம் சளி, அவனிடம் சளியோடு வரக்கூடாது. பார்க்கலாம்.

உங்கள் கரண்டி

பிப்ரவரி 27

கரண்டிக்கு,

நான் பல் என்றேன். நீ சளி என்கிறாய்.

பின்பக்கம் எழுதிய ஐந்து வகையையும் படிக்கவில்லை. இனி எனக்குப் பக்குவம் அனுப்பாதே. அடுப்புக்கு மேலே ஒட்ட இடமில்லை. நீ அனுப்புகிற ஒவ்வொரு பக்குவமும் நீ வராமலிருக்க ஒரு சாக்கு. உனக்குச் சமைக்கத் தெரியும், ஊருக்கே தெரியும். எனக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

மார்ச் 5

கரண்டி,

அண்ணன் எழுதுகிறேன். நீ கேட்ட கையெழுத்து. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், மடியில் முறத்தை வைத்து எழுதுகிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காதே, நீ எப்படி இருக்கிறாய் என்று நானும் கேட்கவில்லை. கணக்குச் சரியாகிவிட்டது.

உன் அண்ணி உனக்கு எழுதிய கடைசிக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன்னால் படித்தேன். கிழித்துப் போட்டிருப்பேன், எழுந்து போய் எடுப்பதற்குள் ஒட்டிவிட்டாள். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ வராதது சரி. நீ உன் வீட்டுக்காரருக்கு இதைச் செய்து முடித்தவள். ஒரு ஆயுசுக்கு ஒருதடவை போதும்.

வயல் முழுக்க ஏன் லீக்ஸ் நட்டேன் என்று இரண்டு பேரும் சேர்ந்து கேலி பண்ணினீர்கள். கடிதத்தை எல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினாள். நாற்று எடுப்பதற்கு முந்தின நாள்தான் டாக்டர் என்னிடம் சொன்னார். அவளிடம் நான் அப்போது சொல்லவில்லை. ராத்திரி முழுக்க யோசித்தேன். உருளைக்கிழங்கு என்றால் தோண்ட நாலு ஆள் வேண்டும். கோஸ் என்றால் வெடிப்பதற்குள் வெட்டியாக வேண்டும். லீக்ஸ் அப்படி இல்லை. பனி விழுந்தாலும் மண்ணுக்குள் நிற்கும், மாசக்கணக்கில் காத்திருக்கும். ஒரு பொம்பளை தனியாகப் போய், முடிகிற அன்றைக்கு முடிகிற அளவு பிடுங்கலாம். நான் இல்லாத குளிர்காலத்தை அவள் அதை வைத்து ஓட்டிவிடுவாள் என்று நினைத்தேன். லாரி வராது என்று நினைக்கவில்லை. நான் நினைத்ததைவிட மெதுவாகச் சாவேன் என்றும், அவள் என்னை விட்டு வயல் பக்கமே போக மாட்டாள் என்றும் நினைக்கவில்லை. விவசாயி போடுகிற கணக்கு எப்போது சரியாக வந்திருக்கிறது.

இதெல்லாம் சொல்ல எழுதவில்லை. உன் அண்ணி சாப்பிடுவதில்லை. எனக்கு இறங்காததை என் கண் முன்னால் அவள் தின்னக்கூடாதாம். அடுப்படியில் நின்று, நீ சொன்ன மாதிரி துணியில் வடித்துவிட்டு, துணியில் நிற்கிற சக்கையை வழித்து வாயில் போட்டுக்கொள்கிறாள். என்னிடம் சாப்பிட்டேன் என்கிறாள். கண்ணாடிக் கதவில் தெரிகிறது, அது அவளுக்குத் தெரியாது. நீ எனக்கு அனுப்பிய அத்தனை பக்குவத்திலும் மிச்சம் விழுந்த நார்தான் மாசக்கணக்காக அவள் சாப்பாடு. நான் கத்த முடியாது. சிலேட்டில் "சாப்பிடு" என்று எழுதிக் காட்டினால் அழித்துவிட்டுப் போகிறாள்.

நீ வா. எனக்காக இல்லை. என் அறைக்குள் நீ காலே வைக்க வேண்டாம். அடுப்படியோடு நில். லீக்ஸை வெண்ணெயில் வதக்கி, முட்டை ஊற்றி, ரொட்டி சுட்டு, அவளை உட்காரவைத்துத் தின்னவை. வாசனை இங்கேவரை வரும், எனக்கு அது போதும்.

அண்ணன்

மார்ச் 12

அண்ணா,

வருகிறேன். வியாழக்கிழமை பஸ். சளி இல்லை, இருந்ததும் இல்லை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவர் போன பிறகு நான் சமையல்கட்டுக் கதவைத் தாண்டி வார்டுக்குள் போனதே இல்லை. தள்ளுவண்டியைக் கதவுவரை தள்ளிவிட்டுத் திரும்பிவிடுவேன். நீலச் சீட்டுக்குச் சமைப்பேன், அந்த முகத்தைப் பார்க்க மாட்டேன். உன் அறைக்குள் வருவேன் என்று சொல்லத் தைரியம் இல்லை. வர மாட்டேன் என்று எழுதவும் கை வரவில்லை. பயமாக இருக்கிறது அண்ணா.

அண்ணியிடம் என் மேல் கோபமாகவே இருக்கச் சொல். கோபமாக இருந்தால்தான் சண்டை போட்டாவது சாப்பிடவைக்க முடியும்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள் என்று வழக்கம்போல எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். நான் வரும்வரை இரு.

கரண்டி

ஏப்ரல் 20

அன்புள்ள கரண்டிக்கு,

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்கவே இவ்வளவு நாளாகிவிட்டது. வேலைக்குப் போகிறாய் என்று நினைக்கிறேன்.

வயலில் லீக்ஸ் எல்லாம் பூத்தண்டு விட்டுவிட்டது. நடுவில் கட்டை விழுந்துவிட்டது, இனி மாடுகூடத் தின்னாது. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "உழுது போட ஆள் அனுப்பட்டுமா அக்கா?" என்று கேட்டாள். சரி என்றேன். அவர் எதற்காக நட்டார் என்று நீ போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனாயே. சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு உழுவது சுலபமாக இருந்திருக்கும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ இங்கே இருந்தபோது கேட்க வாய் வரவில்லை.

நீ வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டாய். "நீங்க சாப்பிடாட்டி நானும் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன், ரெண்டு பேரும் சேர்ந்து காயலாம்" என்று வாசலை மறித்து நின்றாய். அவர் வேறு சிலேட்டில் எழுதி, மேசையைத் தன் அறை வாசலுக்கு இழுத்துப் போடச் சொன்னார். என்னைப் பார்க்க வேண்டுமாம். முதலில் எனக்குத் தொண்டைக்குள்ளே போகவில்லை. இரண்டு பேரும் விடவில்லை. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, நான் மென்றால் அவரும் கூடவே வாயை அசைத்தார். நீ அடுப்படியில் இருந்தபடியே தட்டை நீட்டுவாய், அறைப் பக்கம் திரும்ப மாட்டாய்.

அன்றைக்கும் அப்படித்தான். வெண்ணெயில் வதக்கி முட்டை ஊற்றியிருந்தாய். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் எனக்கு நிஜமாகப் பசித்தது. அவர் கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன். "இன்னும் கொஞ்சம் போடு" என்று உன்னிடம் கேட்டேன். நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. நீ கொண்டுவந்தாய். போடும்போது நிமிர்ந்து உள்ளே பார்த்தாய். அதுவரை பார்க்காதவள் பார்த்தாய். உன் கை நின்றது. அப்புறம் போட்டாய். ரொட்டியும் வைத்தாய். எதிரே உட்கார்ந்து, "மெதுவாச் சாப்பிடுங்க அண்ணி" என்றாய்.

நான் முழுதும் சாப்பிட்டேன். தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அதற்கு அப்புறம்தான் எழுந்து உள்ளே போய் அவர் தாடையைப் பிடித்தாய்.

அவர் போய்விட்டார் என்று நிமிர்ந்து பார்த்தபோதே உனக்குத் தெரிந்துவிட்டது. என் தட்டுக் காலியாகும்வரை நீ வாயைத் திறக்கவில்லை. அப்படித்தானே? இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். எழுதினால் நான் உன்னைச் சபிக்க வேண்டும், இல்லாவிட்டால் உன் காலில் விழ வேண்டும். எதைச் செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

போகும்போது, "வேளாவேளைக்குச் சாப்பிடுவேன்னு சொல்லுங்க" என்று வாக்கு வாங்கிக்கொண்டாய். காப்பாற்றுகிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். அடைக்கும் அடைக்கும் என்று ஒவ்வொரு வாய்க்கும் காத்திருக்கிறேன். எதுவும் அடைப்பதில்லை. ரொட்டி இறங்குகிறது, உருளைக்கிழங்கு இறங்குகிறது, நாரோடு போட்டாலும் இறங்குகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, கரண்டி.

உன் அண்ணி